முகட்டுத் தகடு

இருபத்தாறு வருஷத்து ஆஸ்பெஸ்டாஸ்.
விரிசலுக்குத் தார் பூசினோம், தாருக்கு மேல் சாக்கு,
சாக்குக்கு மேல் பாசி தானாக வந்தது.
போன ஐப்பசியில், கூரையோடு ஒட்டிய மேட்டுப் பாதையிலிருந்து
ஒரு காட்டுமாடு முன்னங்கால் ஒன்றை
எங்கள் சமையலறைக்கு மேலே வைத்துப் பார்த்து,
வேண்டாமென்று எடுத்துக்கொண்டது.
அதற்குத் தெரிந்தது
எங்களுக்குத் தெரிய இன்னும் ஒரு மழை ஆயிற்று.

கேத்தியில் கேரட் கழுவும் மிஷினில் எனக்கு ராத்திரி வேலை.
விடிந்து வந்து, விரல் சூடேறிய பிறகுதான் தூக்கம்.
ஆகவே ஓடு என்றேன்.
ஓட்டில் மழை பேசும், தகரத்தில் கத்தும்.
"குரங்குக்கு யார் பதில் சொல்றது?" என்றார் ஆபிரகாம்.
"ஒரு கூட்டம் கடந்தா பத்து ஓடு.
ஓட்டுக்கு மாத்து ஓடு இருக்கு. ஏறி விழுந்தா எனக்கு?"
அவருக்குக் கலர் ஷீட். ஒரே நாளில் வேலை முடியும்.
உறைபனி மாதத்தில் அது உள்பக்கமாக வேர்த்து
முகத்தில் சொட்டுமே என்றால்
போர்த்திக்கொள் என்கிறார்.

கான்கிரீட் என்றும் ஒரு வாரம் பேசினோம்.
கொத்தனார் வந்து மண்சாந்துச் சுவரை
நகத்தால் சுரண்டிக் காட்டினார்.
பேச்சு அதோடு நின்றது.
சுரண்டிய இடம் இருக்கிறது.

அளவெடுக்க எல்லநள்ளியிலிருந்து வந்த ஹக்கீம்
நாடாவை இழுத்தான், எழுதினான்,
இறங்கி, டீயைக் கையில் வாங்கிய பின்தான் சொன்னான்:
"வீடு ரெண்டு, அக்கா. முகடு ஒண்ணு.
உங்க பக்கத்தை மட்டும் மாத்தினா
மழை பாகப்பிரிவினைப் பத்திரம் படிச்சுட்டா பெய்யும்?"

அந்தப் பக்கம் என் கொழுந்தன் யோவேல்.
பேசி நாலு வருஷம்.
காரணம் முற்றத்துக் குழாய்.
அரை இஞ்ச் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது
என்பது எங்கள் கணக்கு.
நடுச் சுவர் ஒன்றுதான். அவர் இருமினால்
எங்கள் கடிகாரம் ஆடும்.

மூன்று மாதிரித் துண்டுகளோடு போய்க் கதவைத் தட்டினேன்.
ஓர் ஓடு. உள்ளங்கையகலக் கலர் ஷீட்.
நடுவில் நுரை வைத்த இன்னொன்று,
விலையைச் சொல்லும்போது ஹக்கீமே குரலைத் தாழ்த்தியது.
லில்லி திறந்தாள். விரலெல்லாம் பூண்டுத் தோல்.
நான் வாயெடுப்பதற்குள்
"கட்டில நாலு எடத்துக்குத் தள்ளிப் போட்டுட்டோம்.
அஞ்சாவது எடம் இல்ல" என்றாள்.

சத்தம் பார்க்கத் தண்ணீர் வேண்டும்.
தண்ணீர் என்றால் அந்தக் குழாய்.
அவள் திறந்தாள், நான் பிடித்தேன்.
ஓட்டில் விழுந்தது ஒரு முனகல்.
கலர் ஷீட்டில் விழவும் கோழிகள் ஓடின.
நுரை வைத்ததில்,
இருவரும் காதைச் சாய்த்து
கேட்குதா, கேட்குதா என்று
கீழே வாளி நிறைந்து வழியும்வரை நின்றோம்.
உள்ளே இருமல் நின்றிருந்தது.

பிறகு பணம்.
என் சீட்டு தையில் விழும்.
அவளுடையது பூண்டு விலையைப் பொறுத்தது.
தை வரைக்கும் சாக்குதான், இருவருக்கும்.
பழையதை உடைக்குமுன் நன்றாக நனைக்க வேண்டுமாம்,
அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதாம்.
"நனைக்க நம்ம குழாய் போதும்" என்றாள்.
நம்ம என்றதை
தெரிந்து சொன்னாளா, வாயில் வந்ததா,
நான் கேட்கவில்லை.

ஆண்கள் இன்னும் பேசவில்லை.
எல்லாம் ஹக்கீமின் போன் வழியாக நடக்கிறது.
நுரை ஷீட்தான், அது முடிவு.
அவர்களுக்குப் பச்சை. எங்களுக்குச் செங்கல் நிறம்.
ஸ்க்ரூ எண்ணியாயிற்று, முன்பணம் ஆளுக்குப் பாதி.
இரண்டும் சேரும் இடத்தில் கவிழ்க்கிற
முகட்டுத் தகடு
எந்த நிறம் என்பதுதான் பாக்கி.