சான்றுப் பொருள் இலக்கம் 41

பதினொரு மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள்.
பதினொன்று மூன்றுக்குத் தவணை போட்டார்கள்.
திமிலைதீவு பஸ் ஒன்றரைக்குத்தான்.

மிச்ச நேரத்தைப் புளியந்தீவில் நடந்து செலவழித்தேன்.
கோட்டைச் சுவரில் ஒல்லாந்தன் வைத்த பீரங்கி
இன்னும் வாவியையே பார்க்கிறது,
எதிரி தண்ணீரால் வருவான் என்று.
எனக்கு வந்தவன் கடிதத்தில் வந்தான்,
முத்திரை குத்தி.

நொத்தாரிசுமார் தெருவில் ஒரு பலகை:
அப்பன் பெயரை அழிக்காமல்
அதன் கீழே மகளின் பெயர், புதுப் பெயின்ற்.
வாகைமர நிழலில் மேசை போட்டு
தட்டச்சுப் பாத்தலெட்
யாரோ ஒருத்தியின் சீதன உறுதியை அடிக்கிறார்.
வடக்கே வாவி. கிழக்கே கதிராமன் வளவு.
தெற்கே ஒழுங்கை.
"மேற்கே என்ன மகள்?"
அவள் யோசிக்கிறாள்.
என் வளவுக்கு மேற்கே என்ன என்று
நானும் நின்றேன், வெயிலில்.
தாளில் விழுந்த பூவை ஊதிவிட்டு
அவர் காத்திருந்தார்.

நீதிமன்றத்து முன்தோட்டம் நீதவானுக்கு.
குரோட்டன்கள், வெள்ளை அடித்த கற்கள்,
புல்லில் நடக்கக் கூடாதென்று ஒரு தகடு.
விலங்கு பூட்டிய பையன் ஒருவன் மட்டும் நடந்தான்.
காவலாளிக்கு அவசரம்,
குறுக்கால் இழுத்துப் போனான்.

பின்தோட்டத்தை யாரும் நட்டதில்லை.
மணல் ஏற்றிப் பிடிபட்ட மெசினின் சில்லுக்குள்
கோவைக்கொடி.
கசிப்புப் பீப்பாயில் தவளை.
இருபத்திரண்டு சைக்கிள், ஒன்றின்மேல் ஒன்று,
கம்பிக்குக் கம்பி பிரண்டை.
எடுத்தவனும் பறிகொடுத்தவனும்
இதற்குள் சம்பந்தியாகியிருப்பார்கள்.

மூலையில் என் தோணி.
தாய் எனக்கு எழுதித் தந்தது.
வாடகைக்குக் கொண்டுபோனவன் போட்டது தடைசெய்த வலை.
வலைக்காரன் கட்டாருக்குப் போய்விட்டான்.
தோணிக்குக் கட்டார் தெரியாது.
கழுத்தில் தகடு கட்டி, 41 என்று எழுதி,
நாலு வருஷம்
சருகு சேர்த்துக்கொண்டு கிடந்தது.

பதினோராம் தவணையில் பார்த்தபோது
அணியத்தில் ஒரு பப்பாளிக் கன்று.
"நான் நடல்ல புள்ள, காகம் போட்டது" என்றார்
தோட்டக்கார வினாசித்தம்பி.
"பிடுங்கவும் ஏலா. பொருளில கை வச்சா
எனக்கும் வழக்கு."
பிறகு மெதுவாக,
"தண்ணி மட்டும் ஊத்தினன்.
ஊத்தக் கூடாதெண்டு சட்டமில்ல தானே."

அன்று பத்தொன்பதாம் தவணை.
பூ வைத்திருந்தது.

இருபதில் விடுவித்தார்கள்.
சட்டத்தரணி றிபாயா படியில் நின்று
கட்டளையை வாசித்தார்:
தோணி ஒன்று, பதினெட்டு அடி,
உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படுக.
மரத்தைப் பற்றி ஒரு சொல்லில்லை.

மரமோ கூரையளவு. ஒன்பது காய்.
வேர் அடிப்பலகையைப் பிளந்து இறங்கி
அரசாங்க மண்ணைப் பிடித்திருந்தது.
தோணியைக் கிளப்பினால் மரம் சாகும்.
மரம் நின்றால் தோணி வராது.
பதிவாளர் வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், போட்டார்.
இழுக்க வந்த நாலு பேரும்
கயிற்றைத் தோளில் வைத்தபடி
என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர்களுக்குத் தேத்தண்ணிக் காசு கொடுத்து அனுப்பினேன்.
புத்தகத்தில், பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில்
கையெழுத்து வைத்தேன்.
வினாசித்தம்பி கொக்கத்தடி கொண்டுவந்தார்.

ஒன்றரை பஸ்ஸில்
மடியில் காய், பால் சீலையில் ஒட்டுகிறது.
பக்கத்தில் இருந்தவள் விரலால் அமுக்கிப் பார்த்து,
"எங்க கா வாங்கின?" என்றாள்.
"கோட்டில தந்தது" என்றேன்.
பாலம் ஏறும்போது வெயில் முகத்துக்கு நேரே வந்தது.
ஓ, மேற்கு.