பத்தொன்பது மில்லிமீட்டர்

மண்டபம். நண்டு உரிக்கும் கூடம்.
வெளியே கச்சான் தகரத்தைப் பிய்க்கிறது.
உள்ளே, கடைசி மேசையில்,
வியர்வை நண்டுச் சதையில் சொட்டிவிடாமல்
நெற்றியைத் தோளில் துடைத்துக்கொள்கிறாள் ஜெனோவா.

கிரில்லில் நான் கட்டிய நூல்
தொங்குகிறது, தொங்கியபடியே.

கணக்கில் பன்னிரண்டு மில்லிமீட்டர் நீர்.
குழாயில் பத்தொன்பது.
கூப்பிடு தூரத்தில் ஒரு கடலே கிடக்க
நகமளவு தண்ணீரோடு
மூன்று நாளாய் மல்லுக்கட்டு.

ஏணி ஏறினேன்.
அறுநூறுக்கு முந்நூறென்று நான் வரைந்த டக்டை
உத்தரம் இடித்ததால்
தொள்ளாயிரத்துக்கு இருநூறாய்த் தட்டி
நுழைத்திருக்கிறான் மரியசிலுவை.
"பரப்பு ஒண்ணுதானே மேடம்?"

ஒன்றுதான். பெருக்கினால் சரியாகவே வரும்.
சுற்றளவு நானூறு கூடிவிட்டது.
அத்தனை தகரத்தையும் உரசி உரசித்தான்
காற்று போயாக வேண்டும்,
மூலைகளில் சும்மா நின்று
நடுவில் மட்டும் மூச்சிரைத்து.

பில் புத்தகத்தின் பின்பக்கம் புதுக் கணக்கு:
உராய்வு, இரண்டு வளைவு, ஒரு குறுக்கம்.
கூட்டினால் பதினெட்டரை.
மீதி அரை எங்கே போனது, தெரியவில்லை.

ஓட்டிலிருந்து கண்ணெடுக்காமலே
ஜெனோவா கேட்கிறாள்:
"நூலு எப்பக்கா ஆடும்?"