அடி பிடிக்கணும்

பழம் அறுக்கிறவள் நான்.
கல்மண்டபம் சிக்னல் தாண்டி, பெட்ரோல் பங்க் மதிலோரம் என் வண்டி.
சித்திரை முடிந்தால் பண்ருட்டி லோடு இறங்கும்,
ஆடி வரைக்கும் கையில் எண்ணெயும் பிசினும்.
சுளை பத்து ரூபாய்க்கு மூன்று.
கொட்டை சும்மா, கேட்பவருக்கு.

கேட்டவள் ஷெஃபாலி.
இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும்.
"கொட்டா" என்றாள்.
அன்றைக்கு அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.
ஒரு கேரிபேக் நிறைய அள்ளிக் கொடுத்தேன்.
மறுநாளும் வந்தாள்.
அடுத்த வாரம் என்னையே கூப்பிட்டாள்,
ஐந்து விரலும் குவிந்து வாயருகே போய்த் திரும்புகிற பாஷையில்.

ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
படிக்கட்டில் பாதிக்கு மேல் பல்பு கிடையாது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தகரத் தட்டில்
என் கொட்டைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

எனக்கும் தெரியும் பலாக்கொட்டை.
கத்திரிக்காய், மாங்காய், வஞ்சிரக் கருவாடு,
கரைத்த புளி தளதளவென்று கொதிக்க.
இவள் வேறு.
ஒவ்வொன்றாய் நடுவில் கீறினாள்
(கீறாவிட்டால் அடுப்பில் வெடிக்கும், அது ரெண்டு ஊருக்கும் பொது).
வெள்ளைத் தோலைக் கழற்றி
பழுப்புத் தோலைப் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரில் உரசினாள்.
விரல் நீளத்துக்குக் கீரைத்தண்டு, பரங்கி, ஒரு உருளை,
ஷெட்டில் கழித்துப்போட்ட பொடி இறால், மஞ்சள் பூசி.

பிறகு சவுகார்பேட்டையில் வாங்கிய கடுகெண்ணெய்.
புகையட்டும் என்று காத்திருந்தாள்.
புகைந்தது.
என் கண், என் மூக்கு, எதிர்வீட்டு வேம்புலியின் கண், மூக்கு.
"இன்னாம்மா, சமைக்கிறீங்களா, பிளாக்கையே கொளுத்துறீங்களா?"

சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம் எண்ணெயில் பொரிந்தன.
ஐந்தாவதுக்கு என்னிடம் பெயர் இல்லை,
அவளிடம் தமிழ் இல்லை.

"புளி?" என்றேன்.
இல்லையென்று தலையாட்டினாள்.
"புளியே இல்லாமயா?"
சிரித்தாள்.
சிரித்தபடி ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டாள்.
இறாலில்.
காசிமேட்டில் பிறந்தவள் நான்,
பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு தட்டியது அப்போதுதான்.
ஸ்டேஷனிலிருந்து. ஒரு ஃபைல், மூடியில்லாத ஒரு பேனா.
"எந்த ஊரு? பங்களாதேஷா?"
"மேதினிபூர்."
"எது?"
"மே-தி-னி-பூர்."
ஆதாரை எடுத்தவள் கையெல்லாம் மஞ்சள்,
அட்டையில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.
புருஷன் எங்கே? எண்ணூரில், கன்டெய்னர் யார்டில்.
ரூமில் எத்தனை பேர்? யார் யார் வந்து போவது?
இது யாரு?
இது என்பது நான்.
"பலாப்பழக்காரி" என்றேன். என்னிடம் அட்டை கேட்கவில்லை.
கடுகுப் புகையில் ரெண்டு தும்மல் தும்மி
'மதினிபூர்' என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குள் வாசம் மாறியிருந்தது.
நான்தான் முதலில் ஓடினேன்,
துணியில்லாமல் சட்டியைத் தொட்டுச் சுட்டுக்கொண்டு.
"தீஞ்சிபோச்சும்மா, எல்லாம் போச்சு!"
அந்த ஃபைலைத் திட்ட
என்னிடம் நிறையத் தமிழ் இருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள்.
கரண்டியால் அடியைச் சுரண்டி வாயில் போட்டாள்.
"சொர்சொரி" என்றாள் சட்டியைக் காட்டி.
தண்ணி சுண்டி, அடி கொஞ்சம் கருகணும்,
கருகினால்தான் அதற்கு அந்தப் பெயர்.
இதைச் சொல்லி முடிக்கக் கரண்டி, கரி, பாதி இந்தி, ரெண்டு கையும் தேவைப்பட்டது.
எவ்வளவு கருகணும் என்று நகக்கண் அளவு காட்டினாள்.
இன்றைக்கு எவ்வளவு என்று
முழு விரலைக் காட்டினாள்.

தரையில் உட்கார்ந்து தின்றோம்.
கொட்டை மாவாய் உடைந்தது.
கடுகு உச்சிக்கு ஏறி இறங்கிய பிறகு
கடைசியில் ஒரு கசப்பு.
சர்க்கரையைத் தேடினேன், எங்கே போனதோ.
புளி ஊற்றியிருக்கலாம்,
இப்பவும் சொல்வேன்.

தட்டோடு தட்டாக அட்டையையும் கழுவினாள்.
மஞ்சள் விடவில்லை.
சோப்புப் போட்டுத் தேய்த்தாள், புடவையில் துடைத்தாள்,
அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.
கேரிபேக்கை நாலாய் மடித்து
என் கையில் திணித்தாள்,
நாளைக்கு.