ஒரு சுழி குறைந்த பெயர்

நாய்க்கடி ஊசிக்கு வரிசை.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
ஏழாம் எண் அறையைத் தாண்டி
சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கிறது.
மேசைமேல் அடுக்கிய சீட்டுகளில்
என் பெயர் கொடிலன் என்று கிடக்கிறது.
பரவாயில்லை.
கேஸ் புத்தகத்தில் கடலன்.
ரயில் டிக்கெட்டில் ஒருமுறை கெட்டிலன்.
கல்யாணப் பத்திரிகையிலேயே கெடிலான்.
அந்தக் காலை அச்சகத்துக்காரர்
இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

அப்பா பொதுப்பணித்துறை.
கெடிலத்துப் பாலத்தடியில்
தூணில் வரைந்த கோட்டைப் பார்த்து எழுதும் வேலை.
காலை ஆறு. மாலை ஆறு.
வருஷத்தில் பத்து மாசம்
நீர்மட்டம்: சுழி.
கீழே கையெழுத்து.
மணலும் ஆகாயத்தாமரையும் ஒற்றைச் செருப்பும் கிடக்கும்,
அதையெல்லாம் எழுத நோட்டில் கட்டம் இல்லை.

நான் பிறந்தது மிச்சம் இரண்டு மாசத்தில்.
ஐப்பசி அடைமழை.
அம்மா இந்த ஆஸ்பத்திரியில்.
அவர் அந்தக் கரையில், திருப்பாப்புலியூர்ப் பக்கம்,
கையில் டார்ச்சு,
மணிக்கொருதரம் எழுதச்சொல்லி உத்தரவு.
பாலத்தின் மேலே தண்ணீர்.
மூன்றாம் நாள் சேறும் சகதியுமாய் வந்தவர்
பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால்
எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டாராம்.
நோட்டைப் புரட்டி
அந்த மணிக்கு ஆறு எவ்வளவு என்று பார்த்தாராம்.
அம்மா சதீஷ்குமார் என்று
முடிவுசெய்து வைத்திருந்தாள், பாவம்.

வகுப்பில் நாலு தேவநாதன், இரண்டு சதீஷ்.
கெடிலன் பள்ளிக்கூடத்துக்கே ஒன்று.
அந்த ஒன்றும் கேடி ஆவதற்கு
ஒரு வாரம் போதுமாயிருந்தது.

தமிழய்யா கரும்பலகையில் பிரித்துக் காட்டினார்.
கேடு, இலன். கெடுதல் இல்லாதவன்.
"அர்த்தம் நல்லாத்தான் வருது.
ஆனா கொம்பு இரட்டைச் சுழியா இருக்கணும்.
உன் பேர்ல ஒரு சுழி குறையுதுடா."

வீட்டில் சொன்னேன்.
அப்பா ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.
"அந்தச் சுழி நாலாம் தூணாண்ட இருந்துச்சி.
ரெண்டு மாட்டை இழுத்துக்கிட்டுப் போச்சி.
உனக்கு எதுக்கு அது?"

எத்தனை பேர் இருக்கிறோம் என்று
ஒரு ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினேன்.
வாக்காளர் பட்டியலில் இரண்டு கெடிலன்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
ஒருவன் நான்.
மற்றவன் பழைய விலாசத்தில்
நீக்காமல் விட்ட நான்.

"கெடிலன்!"
எழுந்துவிட்டேன்.
எழுத்துப் பிசகாமல் கூப்பிட்டபோதே
சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
முன்னால் ஒரு பெண்ணும் எழுந்தாள்.
இடுப்பில் நாலு வயசுப் பையன்,
கணுக்காலில் மஞ்சள் மருந்து.
பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே போகிறாள்:
"ஊர் உலகத்துல யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்னு
இவங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாரு.
பாலத்துல பஸ்ஸு மாட்டிக்கிட்டப்ப போர்டுல பாத்தது.
நெட்டுல கூடத் தேடிட்டோம். ஒருத்தரும் இல்லக்கா."

இல்லாதவன் உட்கார்ந்துகொண்டேன்.
முழங்காலுக்குக் கீழே கட்டு அரித்தது.
சுவரில் குடும்பநலப் பிரச்சாரப் படத்தை
முதலிலிருந்து ஒருதரம் படித்தேன்.

உள்ளே வீறிட்டது.
மூக்கொழுக அவன் வெளியே வரவும்
நர்ஸ் அடுத்த சீட்டைத் தூக்கிப் பிடிக்கவும் சரியாக இருந்தது.
"கொடி... கெடிலனா? இப்பதானே போனான்?
கெடிலன்! யாருப்பா கெடிலன்?"

பையன் அம்மாவின் கழுத்துக்குள் புகுந்துகொண்டான்.
"போட்டாச்சி! எனக்குப் போட்டாச்சி!"

எழுந்தேன். சட்டைக்கையைச் சுருட்டினேன்.
அவள் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்,
தூணில் மட்டம் பார்ப்பதுபோல.
"இது எனக்குடா" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்து
"உனக்கு எத்தினி ஊசி?" என்றான்.

"இன்னும் மூணு."