அட்டவணையில் இரண்டாவது பெயர்

இந்த வாரம் மணி முதலில்
ஹெலெரீனுக்கு அடிக்கும்.
ஐந்து நிமிடத்தில் அவள் எடுக்காவிட்டால்
எனக்கு.
எங்கள் உறவு அவ்வளவுதான் என்று
தாலின் நகரில் யாரிடமும் சொல்லலாம்,
பொய்யாகாது.

உலெமிஸ்தேயில் எட்டாவது மாடி.
மூன்றரைக்கே இருட்டிவிடுகிற டிசம்பர்.
திரை வெளிச்சத்தில்தான்
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது,
நீலமாக, கொஞ்சம் மீன் மாதிரி.

பேச்சின் நடுவே தொடையைத் தடவிப் பார்ப்பாள்.
போன் மேசைமேல் சும்மா கிடக்கும்.
"என் காலுக்குத் தனியாக ஒரு சிம் இருக்கிறது" என்பாள்.
எல்லோரும் சிரித்தோம்.
எனக்கும் இருந்தது. சொல்லவில்லை.

தூக்கத்தை அளக்க
நிறுவனம் ஆளுக்கொரு மோதிரம் தந்தது.
திங்கள்தோறும் மதிப்பெண்.
அவளுக்கு நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றை நினைத்து நினைத்தே
விழித்துக் கிடந்தாள்;
அடுத்த திங்கள் முப்பத்தெட்டு.
ரைமோவுக்கு மட்டும் எப்போதும் தொண்ணூறு.
மோதிரத்தைத் தன் பூனையின்
கழுத்துப்பட்டையில் மாட்டியிருந்தான்.

வியாழன் இரவு, மைனஸ் பத்தொன்பது.
கடைசி ட்ராமைத் தவறவிட்டு
கோப்லி கடற்கரை வழியே
நடந்திருக்கிறாள்.
குளிரில் போன் அணைந்துபோனது.
முப்பது சதவீதம் மிச்சம் இருந்ததாம்,
ஊதி அணைத்தாற்போல.

இரண்டு பன்னிரண்டுக்குக்
கிடங்கு சர்வர் கத்தியது.
இரண்டு பதினேழுக்கு
என் தலையணைக்கு அடியில்.

முதலில் அவளைத் திட்டினேன்,
இங்கே எழுத முடியாத ஒரு சொல்லால்.
கணினியைத் திறந்து கடவுச்சொல் போடுவதற்குள்
கோளாறு தானாகவே சரியாகிவிட்டது.
யார் கையும் படவில்லை.
வரிசையாகப் பச்சை.
அறையில் சரியாகாமல் மிஞ்சியது
நான் மட்டும்தான்.

"கடல் உறைகிற சத்தம் கேட்டிருக்கிறாயா?"
என்றாள் காலையில், காபி எந்திரத்தின் அருகே.
எண்ணெய் போடாத பெரிய கதவு ஒன்றை
எங்கோ யாரோ
மெல்லத் திறப்பதுபோல் இருந்ததாம்.
எவ்வளவு நேரம் நின்றாய் என்றேன்.
"தெரியாது. மணி பார்க்க எதுவும் இல்லையே."
அப்புறம்தான் நினைவு வந்தவளாய்
மன்னிப்புக் கேட்டாள்.
பரவாயில்லை என்றேன்.
அப்படியொன்றும் பரவாயில்லாமல் இல்லை.
அன்று என் மோதிரத்தில் இருபத்தேழு,
அவளுடையதில் அறுபத்து மூன்று.

இந்த வாரம் பெயர்கள் இடம் மாறிவிட்டன.
முதல் மணி எனக்கு.
நேற்று நானும் கோப்லிக்குப் போனேன்.
உள்சட்டையின் கதகதப்பிலிருந்து போனை எடுத்து
வெளிப்பைக்கு மாற்றினேன்.
ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.
பட்டியலில் எனக்குக் கீழே உள்ள பெயர்
ஒருவேளை இப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

திரும்ப உள்ளே வைத்தேன்.
தொப்பியை மட்டும்
காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன்.