இருபத்தொன்பதாம் அளவு

சனிக்கிழமை, காலை பத்து மணி, கதான்ஸ்க்.
நீதிமன்றம் குறித்துக் கொடுத்த அறையில்
ஒரு மேசை, எதிரெதிரே நாற்காலிகள், மூலையில் நான்.
கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும்.
ஊகம் கூடாது.

ரதோஸ்வாவ் டிராம் ஓட்டுகிறவர்.
நான்கு நிமிடம் முன்பே வந்துவிட்டார்.
நான்கு நிமிடமும் கதவுக்கு வெளியே நின்றார்.

மூன்று வாய்தா.
நீதிபதிக்குப் பிரசவ விடுப்பு.
மனைவி தரப்பில் வக்கீல் மாற்றம்.
உளவியல் அறிக்கை ஒரு கோடை முழுக்க
யார் மேசையிலோ கிடந்தது.
ஆகப் பதினோரு மாதம்.

இகா வந்து உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்தார்.
சிவப்பு பூட்ஸ். இருபத்தொன்பதாம் அளவு.
குதிகால் உள்ளே போகவில்லை.
விரல்களை மடக்கி, மூச்சை அடக்கி
ஒரே அழுத்து.
"சரியா இருக்குப்பா."
மேசையைச் சுற்றி
இரண்டு தரம் நடந்தும் காட்டினாள்.

அவர் சிரித்தார்.
கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்க்கவில்லை,
தெரிந்துகொள்ளப் பயந்து.
அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
தந்தை காலணி பரிசளித்தார். குழந்தை அணிந்தது.
அளவு குறித்துப் புகார் இல்லை.

பதினோரு மணி. கீழே
எஞ்சினை அணைக்காமல் அம்மாவின் கார்.
படிக்கட்டு வளைவில், அவர் பார்வை எட்டாத இடத்தில்
உட்கார்ந்து கழற்றினாள்.
வெள்ளைக் காலுறையில், குதிகால் பக்கம்
ஒரு பொட்டு ரத்தம்.

அறைக்கு வெளியே நடப்பது
படிவத்தில் சேராது.
குனிந்து, அவளுடைய பழைய காலணிக்கு
நாடா கட்டிவிட்டேன்.
குழந்தையைத் தொட
எனக்கு அனுமதி கிடையாது.