ஒன்பதாவது எதிர்மனுதாரர்

என் பெயர் ஐகோர்ட்துரை.
பாளையங்கோட்டை சப்கோர்ட்டில்
குமாஸ்தா அதை இரண்டு தரம் வாசித்து
சிரிப்பை அடக்கிக்கொண்டார்.
குலசாமி பேரு சார், என்றேன்.
சொல்லும்போதே
சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

முந்தின வாரம்
வக்கீல் ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோடு கிழித்தார்.
"யார் யாருக்குத் தரணும்? விடாமச் சொல்லும்."

பேட்டை பாத்திரக்கடை பாய், இரண்டு லட்சத்துப் பத்து.
கூட்டுறவு வங்கி, நாலரை.
அற்புதமணி டீச்சர், பென்ஷன் பணம், மூன்று.
சீட்டு, கைமாத்து, டீசல் பாக்கி.
ஐந்து வருஷமாய் ராத்திரியில் மட்டும்
கூட்டிக் கூட்டிப் பார்த்த பெயர்கள்
பகல் பதினொரு மணிக்கு
பந்திக்கு வந்தவர்கள்போல்
வரிசையாக உட்கார்ந்தன.

மீட்டர் வட்டிக்குத் தந்தவனைச் சொன்னேன்.
"பத்திரம் உண்டா?"
இல்லை.
சாயங்காலம் வாசலில் பைக் சத்தம் உண்டு.
அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

"வேற?"

மேஜையில் ஓர் எறும்பு
கோந்துப் புட்டியைச் சுற்றி முடிக்கட்டும் என்று பார்த்திருந்தேன்.
பிறகு,
பேச்சித்தாய், முக்கூடல், ஆறு பவுன்.
"என்ன வேணும் உமக்கு?"
கூடப்பிறந்தவ.

கழற்றும்போது கொக்கி முடியில் சிக்கி
"நீயே எடுல" என்று
சிரித்தபடி கழுத்தைக் குனிந்தவள்.
எதிர்மனுதாரர் 9
என்று எழுதினார்.
சட்டத்தில் அப்படித்தானாம்.
கொடுத்தவர்கள் எல்லாரும் எதிர்.

சொத்துப் பக்கம் சீக்கிரம் முடிந்தது.
பந்தல் சாமானையும் முந்நூறு நாற்காலியையும்
போன ஆடியிலேயே ஃபைனான்ஸ்காரர்கள் ஏற்றிப் போயாச்சு.
நாற்காலி முதுகில் பச்சைப் பெயிண்டில் என் பெயர்.
அழிக்காமலே வாடகைக்கு விடுகிறான் எவனோ.
வண்ணார்பேட்டையில் ஒரு துட்டி வீட்டில்
ஊரே என் பெயர்மேல் சாய்ந்திருந்தது.
எனக்கும் ஒன்று இழுத்துப் போட்டார்கள்.
நின்றுகொண்டேன்.

"உடுத்துற துணி, பொங்குற பாத்திரம்,
படுக்கிற பாய், இதையெல்லாம் எடுக்க மாட்டாங்க,
பயப்படாதேயும்" என்றார் வக்கீல்.
எடுத்தால் தேவலை என்றிருந்தது.

கையெழுத்துப் போட்ட அன்று
நன்றாகத் தூங்கினேன்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சக் கடுதாசி என்பார்கள் எங்கள் பக்கம்.
வெள்ளைத்தாளில்தான் போயிருக்கிறது.
பத்தாம் நாள் அக்காவிடமிருந்து போன்.
எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது.
மூன்றாவது தரம்
எடுத்துக் காதில் வைத்தேன்,
மூச்சு விடாமல்.

"தபால்காரர் ஒப்பு கேட்டாரு, போட்டுட்டேன்.
பிள்ளையள வாசிக்கச் சொன்னேன்.
எனக்கு முன்னால எட்டுப் பேரு,
பின்னால ஏழு பேரு.
ஏல,
இம்புட்டையும் வச்சுக்கிட்டா
பொங்கப்படி கொண்டாந்து
சிரிச்சிட்டுப் போன?"